பழைய இங்கிலீஷ் சைக்கிளுக்கு அந்தக் காலத்துப் பாகங்கள்: பொள்ளாச்சி, பாலக்காடு எல்லைப் பக்கத்தாருக்கான கேள்வி பதில்கள்

வேலந்தாவளம் முதல் கொல்லங்கோடு வரை, பிறகு கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை, பழைய வீடுகளின் தொழுவத்திலும் மச்சிலும் 28 அங்குல ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் சைக்கிள்கள் இன்னும் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பாகம் தேடும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் 1930 முதல் 1960 வரையிலான கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்குவது) சைக்கிள்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

‘அந்தக் காலத்துப் பாகம்’ என்று எதைச் சொல்வது?

தொழிற்சாலையிலிருந்து அந்தச் சைக்கிளோடு வந்தது, அல்லது வாங்கிய முதல் பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் சொந்தக்காரர் கடையில் மாட்டியிருக்கக் கூடியது. இரண்டுமே சரிதான். 1954 ராலேவில் உள்ளூர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த கனத்த கேரியர் இருந்தால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்துக் கேரியர் தேட வேண்டியதில்லை. நெல்லும் தேங்காயும் பால் கேனும் சுமந்த வண்டி அது. நகராட்சி சைக்கிள் வரி வில்லை ஏதேனும் ஆணியிலோ கம்பியிலோ தொங்கினால் கழற்றவே வேண்டாம். அதிலுள்ள வருடம் வண்டியின் வரலாற்றுக்குச் சாட்சி.

முதல் வேலை, ஒரு ஸ்பேனரையும் தொடுவதற்கு முன், எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்வது. வாஷர் எந்த வரிசையில் இருந்தது, பிரேக் கம்பி எந்தப் பக்கம் வளைந்தது என்பது இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

என் சைக்கிள் இங்கிலாந்தில் செய்ததா, இந்தியாவில் செய்ததா? எந்த வருடம்?

சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்கள் அங்கிருந்து வந்தன. வங்காளத்தில் அசன்சோல் பக்கம் சென்-ராலே, ராலே வகை வண்டிகளைச் செய்தது. ஆகவே முன்னால் உள்ள பேட்ஜை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சீட் குழாயிலுள்ள தங்க எழுத்து, ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மேல் பொறித்த எழுத்து, ரிம்மில் வால்வ் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள முத்திரை என எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நாட்டிங்ஹாம் ராலேயின் போல்ட் தலைகளில் ‘ஆர்.ஐ.’ என்ற முத்திரை இருக்கும், அதாவது ராலே இண்டஸ்ட்ரீஸ். அந்த போல்ட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். துரு ஏறியிருந்தாலும் அவற்றுக்கு மாற்று இல்லை.

பின் ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹப் உடம்பில் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்தோடு வருடமும் மாதமும் அடித்திருக்கும். ‘55’, ‘3’ என்றால் 1955 மார்ச். இது ஹப்பின் தேதி மட்டுமே. வண்டி சில மாதம் கழித்து விற்றிருக்கலாம், சக்கரமே வேறு வண்டியிலிருந்து வந்திருக்கவும் கூடும். ஃபிரேம் எண்ணோடும் மற்றப் பாகங்களோடும் பொருந்தினால்தான் நம்பலாம்.

கண்ணுக்குத் தெரியும் வேறு அடையாளங்களும் உண்டு. ராலே செயின் வீலில் கொக்குத் தலைகள் மூன்று வெட்டியிருக்கும். ஹம்பரின் முன் ஃபோர்க் பக்கத்துக்கு இரண்டு குழாயாக, மொத்தம் நான்கு கால் போல நிற்கும். ரட்ஜ் என்றால் செயின் வீலில் விரித்த கை. இவை பொருந்தாத வண்டி ஏதோ ஒரு கட்டத்தில் கலவையாகிவிட்டது என்று பொருள்.

எவற்றைத் தேடி அலைய வேண்டும், எவை பக்கத்துச் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்?

பலர் அலைச்சலில் பாதியை வீணாக்குவது இங்கேதான். இந்தியக் கருப்பு சைக்கிள் பிரிட்டிஷ் அளவுகளை விட்டு விலகவே இல்லை. 28 × 1½ டயர், ட்யூப், வால்வ் ட்யூப், அரை அங்குல 1/8 செயின், ஃப்ரீ வீல், காட்டர் பின் (பெடல் கையான கிராங்கை நடு அச்சில் இறுக்கும் ஆப்பு), பால்ஸ் குண்டு, கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை, முன் 32 பின் 40 ஓட்டை ரிம் எல்லாம் லூதியானாவிலிருந்து இன்றும் வருகின்றன. தேய்ந்து போகிற பாகங்களை இங்கேயே வாங்குங்கள். 1950இலும் அவற்றை இங்கேதான் மாற்றியிருப்பார்கள்.

தேட வேண்டியவை சிலதான்: பேட்ஜ், சரியான செயின் வீல், மூடிய செயின் கவர், பிரேக் கைப்பிடியும் அதன் தாங்கிகளும், ‘டன்லப்’ முத்திரை உள்ள ரிம், புரூக்ஸ் சீட்டின் இரும்புச் சட்டம், லூகாஸ் அல்லது மில்லர் விளக்கும் டைனமோவும், பழைய பெடல். காசையும் நேரத்தையும் இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது நட்டு பழைய அச்சில் ஏறுகிறது, ஆனால் ஆடுகிறது. ஏன்?

மரை வேறு. பழைய வண்டியின் முன் அச்சு 5/16 அங்குலம், பின் அச்சு 3/8 அங்குலம், இரண்டிலும் அங்குலத்துக்கு 26 மரை. 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், 3/8 என்பது 9.53 மில்லிமீட்டர். இன்றைய 8 மி.மீ., 10 மி.மீ. மெல்லிய மரை நட்டுகளும் கிட்டத்தட்ட அதே இடைவெளி என்பதால் கையால் திருகினால் ஏறிவிடும். பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது ‘சொத்’தென்று வழுக்கும், மரை போய்விடும். பழைய அச்சைக் கையில் எடுத்துப் போய், கடையிலேயே நட்டை விரலால் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். ஆடினால் வாங்காதீர்கள்.

கிராங்க் மாட்டும் நடு அச்சில் இன்னும் கவனம் வேண்டும். நாட்டிங்ஹாம் ராலே குடும்பத்து வண்டிகளில் கப் (குண்டுகள் ஓடும் கிண்ணம்) மரை அங்குலத்துக்கு 26, மற்றப் பிரிட்டிஷ் கம்பெனிகளில் பெரும்பாலும் 24. வாயில் ஒரு சுற்று பிடித்துக்கொள்ளும், இரண்டாவது சுற்றில் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் ஃபிரேமே வீண். மரை கேஜ் வைத்து அளந்த பிறகே கப் வாங்குங்கள். உண்மையில் பழைய கப் கெட்டிருப்பது அபூர்வம். மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் அது இன்னும் பல வருடம் ஓடும். குழி குழியாக இருந்தால்தான் மாற்ற வேண்டும். வலப்பக்கக் கப் இடது மரை என்பதை மறந்து திருகுவதால்தான் நிறைய கப் உடைகிறது. இடப்பக்கப் பெடலுக்கும் இடது மரையே.

குண்டுகள் எத்தனை போட வேண்டும்?

வழக்கமாக முன் ஹப்பில் 3/16 அங்குலக் குண்டு பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 1/4 அங்குலம் பக்கத்துக்கு 9, நடு அச்சில் 1/4 அங்குலம் பக்கத்துக்கு 11. கழற்றும்போது எண்ணுங்கள், ஆனால் வந்த எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு ஓவராயில் செய்தவர் ஒன்றைத் தொலைத்திருக்கலாம். போட்டு முடித்ததும் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருந்தால் சரி. பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. தேய்ந்த குண்டுகளுக்கு நடுவில் புதுக் குண்டு ஒன்று நின்றால் மொத்தப் பாரமும் அதன் மேல் விழும்.

டயர் வாங்கினேன், ரிம்மில் உட்காரவில்லை.

‘28’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே 28 அல்ல. கருப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இன்றைய 700சி டயரிலும் சில சமயம் 28 என்று போடுவார்கள், அதன் விட்டம் 622. 13 மி.மீ. குறைவு, ஏறவே ஏறாது. 26 × 1⅜ என்றால் 590. டயரின் பக்கவாட்டில் ‘40-635’ போன்ற இரட்டை எண்ணைத் தேடுங்கள், பின்னால் உள்ள எண்தான் முக்கியம்.

ரிம் குறித்து ஒரு வார்த்தை. கம்பி பிரேக்குக்கு வெஸ்ட்வுட் வகை ரிம் வேண்டும். பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். பக்கவாட்டில் கவ்வும் பிரேக்குக்கான தட்டைப் பக்க ரிம்மை மாட்டினால் கட்டை சரியாக உட்காராது.

காட்டர் பின் எப்போது போட்டாலும் ஒரு வாரத்தில் கிராங்க் ஆடுகிறது.

மூன்று காரணம்: பின் அளவு தவறு, பின்னின் சரிவு முகத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை, இரும்பு மட்டம்.

அளவு முதலில். ராலே வகைக்கு 9.5 மி.மீ., சில வண்டிகளுக்கு 9. வெர்னியரில் பழைய பின்னையும் ஓட்டையையும் இரண்டையும் அளங்கள். கடையில் நாலைந்து பின் வாங்கி, முனையை அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வந்தால் அந்த இரும்பு நசுங்கும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழையதைக் கழற்றும்போது நட்டை மரை முனையோடு சமமாகும் வரை தளர்த்தி, கிராங்கின் அடியில் தரையில் ஊன்றிய கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பெரிய சுத்தியலால் ஒரே அடி. சின்னச் சின்னதாகத் தட்டினால் மரை முனை காளான் போல விரிந்து பின் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முட்டு இல்லாமல் அடித்தால் நடு அச்சின் கப்பிலும் குண்டிலும் குழி விழும்.

புதியதைப் போடும்போது சரிவு முகத்தில் மார்க்கர் மை தடவி, உள்ளே தள்ளி வெளியே எடுங்கள். மை அழிந்த இடம்தான் தொடும் இடம். முகம் முழுக்க மை அழியும் வரை அரத்தால் தட்டையாகத் தேயுங்கள், வளைவாகத் தேய்த்தால் இரண்டு நாள்கூட நிற்காது. இரண்டு பின்னும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் கிராங்க் இரண்டும் நேர் எதிரெதிரே நிற்கும். ஒரு கிராங்க் மேல் நோக்கி நிற்கும்போது அதன் நட்டு முன்பக்கம் இருந்தால், மற்றக் கிராங்க்கை மேலே கொண்டுவந்தாலும் அதன் நட்டு முன்பக்கமே இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து உட்காரவைத்த பிறகே நட்டு. நட்டை வைத்துப் பின்னை இழுக்கக் கூடாது, மரை அறுந்துவிடும். 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு அடி, மறுபடி இறுக்கு.

பாகம் எங்கே தேடுவது?

முதலில் பழைய சைக்கிள் கடைகள். குறிப்பாக, முன்பு வாடகை சைக்கிள் விட்ட கடைகள். அந்தக் கடைகளில் பரணில் ஒரு டப்பா நிச்சயம் இருக்கும்: கோன், பழைய பெல் மூடி, விளக்கு தாங்கி, ஒற்றை பெடல். ‘பழைய சைக்கிள் இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘ஏனுங்கண்ணா, கழட்டிப் போட்ட பழைய சாமான் டப்பா ஏதாச்சும் இருக்குங்களா, நானே உக்காந்து பாத்துக்கிறேன்’ என்று கேளுங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் போனால் ‘ஏட்டா’ என்று தொடங்குங்கள். தமிழே போதும், பதில் பாதித் தமிழில்தான் வரும்.

அடுத்தது பழைய இரும்புக் கடை, அந்தப் பக்கத்தில் ஆக்ரிக் கடை. எடைக்கு வந்த வண்டி உடனே பிரிந்து போய்விடும். ஆகையால் கடைக்காரரிடம் செயின் வீலின் படத்தைக் கொடுத்து வையுங்கள். ‘கொக்குத் தலை போட்ட சக்கரம் வந்தால் எடுத்து வையுங்க’ என்ற ஒரு சொல்லுக்கு, பத்து தடவை நேரில் போவதைவிடப் பலன் அதிகம்.

முழு வண்டியாக வாங்குவது பல சமயம் மலிவு. ஃபிரேம் ஒடிந்த ஒரு ராலே கிடைத்தால் பெடல், பிரேக், மட்கார்ட், போல்ட் எல்லாம் ஒரே காலத்தவையாக ஒன்றாக வந்து சேரும். ஆனால் முழுசாக, ஓடும் நிலையில் உள்ள வண்டியைப் பாகத்துக்காகப் பிரிக்காதீர்கள். அது திரும்பக் கிடைக்காது. எந்தப் பக்கம் வாங்கினாலும், ஃபிரேம் எண்ணை எழுதி விற்றவர் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்ஜில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ரிவெட் புதிதாகப் பளபளத்தால், பேட்ஜின் ஓரத்தைச் சுற்றி எனாமலில் பழைய நிழல் கோடு இல்லாவிட்டால், ஓட்டை இரட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பல பத்தாண்டு அந்த இடத்திலேயே இருந்த பேட்ஜின் அடியில் பெயிண்ட் வேறு நிறத்தில் இருக்கும். செயின் வீலின் வெட்டு முனைகளை விரலால் தடவுங்கள். பழையது வழவழப்பாக உருண்டிருக்கும், புது அச்சு நகல் விரலைக் கீறும்.

துருவை எடுத்துவிட்டுப் புதுசாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்காமல் இருக்க முடிந்தவரை அடிக்காதீர்கள். சூளையில் சுட்ட கருப்பு எனாமலும் தங்கக் கோடும் ஒருமுறை போனால் போனதுதான். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, பிறகு லேசான எண்ணெய். தின்னரும் பெட்ரோலும் தங்க எழுத்தைக் கரைத்துவிடும், கட்டிங் பேஸ்ட் கோட்டைத் தேய்த்துவிடும். எழுத்தைத் தொடாமல் சுற்றிவரத் துடையுங்கள்.

கழற்றிய இரும்புப் பாகங்களுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில், ராத்திரி ஊறவைத்துக் காலையில் பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு பூக்கும். இது விஷம்: கையுறை வேண்டும், குழந்தைகளும் மாடும் நெருங்கக் கூடாது, வாய்க்காலில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாகங்களையும் தங்க எழுத்துள்ளவற்றையும் இதில் போடாதீர்கள்.

குரோம் போனதை முலாம் பூசலாமா?

கோயம்புத்தூரில் நன்றாகப் பூசித் தருவார்கள். தாமிரம், நிக்கல், குரோம் என்று மூன்று அடுக்கும் கேளுங்கள். நேராகக் குரோம் அடித்தது ஒரு மழைக்காலம் தாங்காது. கொடுக்கும்போது இரண்டு விஷயம் வாயாலும் சொல்லி, சீட்டிலும் எழுதுங்கள்: முத்திரை உள்ள இடத்தில் பஃப் (மெருகுச் சக்கரம்) போடக் கூடாது, மரையின் மேல் முலாம் ஏறக் கூடாது. பஃப் சக்கரம் ‘டன்லப்’ எழுத்தை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். 1920களின் வண்டி என்றால் குரோமின் நீலப் பளபளப்பு அதற்குப் பொருந்தாது, நிக்கலோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

புரூக்ஸ் சீட்டின் தோல் கிழிந்துவிட்டது.

சட்டத்தையும் சுருளையும் தூக்கி எறியாதீர்கள், அவைதான் விலைமதிப்புள்ளவை. தாவரப் பட்டையில் பதனிட்ட, 5 மி.மீ.க்குக் குறையாத எருமைத் தோல் வாங்குங்கள். ஈரோடு, திண்டுக்கல் பக்கம் இந்தப் பதனிடுதல் பழைய தொழில். குரோம் பதனிட்ட மெல்லிய தோல் ஒரே மாதத்தில் தொய்ந்துவிடும். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய தோலின் வடிவத்தில் செய்த மரக்கட்டையில் இழுத்துக் கட்டி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, தாமிர ரிவெட்டால் அடிக்க வேண்டும்.

தோல் நன்றாக இருந்து தொய்வு மட்டும் என்றால், மூக்கிலுள்ள நட்டைக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசுவது நம் பக்கத்துப் பழக்கம். சீட்டைப் பொறுத்தவரை அது கெடுதல். தோல் மெத்தென்றாகிக் குழி விழும், ஆடி மாதத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

மூன்று கியர் ஹப் வழுக்குகிறது. ஹப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஏ.டபிள்யூ. ஹப் சாகாத ஜாதி. எண்ணெய் மூடி வழியே ஒரு டீஸ்பூன் 20 அல்லது 30 நம்பர் எண்ணெய் விட்டு, ஒரு நாள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். பிறகு கேபிள். 2ஆவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஓட்டை வழியே பார்த்தால் உள்கம்பியின் முனை அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். 2க்கும் 3க்கும் நடுவில் எந்தக் கியரும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. கேபிள் தளர்ந்தால் கால் திடீரென்று காலியில் போகும், நின்று மிதிப்பவர் விழுந்துவிடுவார். சரி செய்யாமல் ரோட்டில் எடுக்காதீர்கள்.

சின்னச் செயினோடு வரும் உள்கம்பி, அச்சின் நீளத்தைப் பொறுத்து மாறும். 5¾ அங்குல அச்சா, 6¼ அங்குல அச்சா என்று அளந்து கேளுங்கள். 1950களின் தொடக்கத்துக்குப் பிந்திய ஹப் என்றால் பின் பல்சக்கரம் மூன்று காது வைத்து வளையத்தால் பூட்டுவது. அதே அமைப்பில் இன்றும் புதிது கிடைக்கிறது.

டைனமோ ஹப் உள்ளவர்கள்: காந்த வளையத்தை உள் சுருளிலிருந்து பிரிக்கவே வேண்டாம். இரும்பு வளையம் தாங்காமல் வெளியே எடுத்த கணமே காந்தம் பலமிழக்கும், விளக்கு மங்கிவிடும்.

டிராப் ஹேண்டில் பந்தய சைக்கிளுக்கும் இதே முறைதானா?

முறை அதே, அளவு வேறு. 27 × 1¼ டயர் 630 மி.மீ., 700சி 622. இத்தாலிய, பிரெஞ்சு ஃபிரேம்களில் நடு அச்சின் இரண்டு பக்கமும் வலது மரை. காம்பக்னோலோ கம்பெனியின் பின் கியர் மாற்றியில் (டிரெய்லியர்) ‘பேட்டண்ட்’ என்ற சொல்லோடு இரண்டு இலக்க எண் இருந்தால் அது வருடம்.

இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

சின்னப் பாகங்களுக்கு மட்டும். தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் ரிம்மும் மட்கார்டும் கட்டுபடியாகாது. விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முத்திரை, மரை, வெர்னியர் வைத்த அளவு. ‘ராலேவுக்குப் பொருந்தும்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். பெடலுக்கு இடது வலது இரண்டும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். அச்சு முனையின் மரைச் சரிவைப் படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாம் சேர்த்தாகிவிட்டது. மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தோடு வரும் மாதங்களில் முலாம் மேல்மட்டத்தில் தாங்கினாலும் குழாயின் உள்ளே துரு ஓடும். மே மாதமே சீட் பின்னை (சீட்டைத் தாங்கும் தண்டு) கழற்றி, சீட் குழாய்க்குள் அரைக் குவளை எஞ்சின் எண்ணெய் விட்டு, வண்டியை எல்லாப் பக்கமும் சாய்த்துவிட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். சீட் பின்னுக்குக் கிரீஸ் தடவாமல் திரும்பச் செருகாதீர்கள். சிமெண்ட் தரையில் டயரை நேராக நிற்க வைக்காமல் கூரைக் கம்பியில் துணி சுற்றித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்க மூடினால் உள்ளே வியர்த்துவிடும், பழைய பருத்தி வேட்டி போதும்.